ஏட்டில் இருக்கிறார், இடத்தில் இல்லை



ஊரார் நன்கொடையில் நடைபெறும் சிறிய மருத்துவமனை ஒன்றின் நிர்வாகக் குழுவில் பொறுப்பேற்றிருக்கும் வாசகர் ஒருவர் நமக்கு மடல் வரைந்திருக்கின்றார். இருபது படுக்கைகள், ஒன்பது நர்சுகள், காலை, மாலை, இரவு என மூன்று வேளைக்கும் மும்மூன்று பேர். வாரத்தில் இரண்டு மூன்று நாட்களாவது யாரேனும் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகின்றாராம். இரவுப் பணிக்கு வரவேண்டியவர் வாராதபோது, மாலையிலிருந்து நின்றபடி உழைத்தவரையே விடியும்வரை நிறுத்திவைக்க நேர்கின்றது. இரண்டு நாள் சென்றால் அவரும் படுத்துவிடுகின்றார். “விரல் வைத்தால் நேரம் பதியும் இயந்திரம் ஒன்றை வாங்கிப் பொருத்திவிடலாம் என்று குழுவில் பேச்சு நடக்கிறது. தங்கள் கருத்து என்ன?” என்பது அவருடைய வினா.

மதரஸாவில் பாடம் நடத்துகிறவனிடம் மருத்துவமனை நிர்வாகத்தைப் பற்றிக் கேட்பதா என்று சிலர் புன்னகைக்கலாம். வருகைப் பதிவேட்டோடு நித்தமும் பழகுகிறவன் என்ற முறையில் இதில் எனக்கும் ஓர் அக்கறை உண்டு. இயந்திரம் வாங்குவதா, வேண்டாமா என்பதைப் பிறகு பார்ப்போம். ஏறத்தாழ அதே போன்றதொரு கருவியை, அதே நோக்கத்திற்காக, நம் நாட்டின் ஒரு மாவட்டத்தில் முன்பே பொருத்திப் பார்த்திருக்கின்றனர். அங்கு நடந்ததை அறிந்துகொள்வது நல்லது.

இராஜஸ்தானின் தென்பகுதியில் உள்ளது உதய்ப்பூர் மாவட்டம். ஏரிகளும் அரண்மனைகளும் நிறைந்த நகரம் என்று சுற்றுலா ஏடுகள் புகழும் ஊர். நகரை விட்டு வெளியேறினால் ஆரவல்லி மலைத்தொடரின் வறண்ட குன்றுகள். அவற்றின் சரிவுகளில் சிதறிக் கிடக்கும் பழங்குடி மக்களின் குடியிருப்புகள். அரசு விதிப்படி சமவெளியில் 5,000 பேருக்கும், மலைப்பகுதியிலும் பழங்குடியினர் பகுதியிலும் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் இருக்க வேண்டும். அங்கே பணிபுரிபவர் ஏ.என்.எம். என்று அழைக்கப்படும் துணைச் செவிலியர்; நம் பக்கத்துக் கிராமங்களில் ‘நர்சம்மா’ என்கிறோமே, அவர்தாம். 2000-களின் தொடக்கத்தில் பெரும்பாலும் ஒரு நிலையத்திற்கு ஒருவரே இருந்தார். தடுப்பூசியும், கர்ப்பிணிகளின் பரிசோதனையும், காய்ச்சலுக்கு மாத்திரையும் அவர் ஒருவர் கையில் இருந்தன.

2002, 2003 ஆண்டுகளில் அபிஜித் பானர்ஜி, ஆங்கஸ் டீட்டன், எஸ்தர் டூஃப்லோ என்னும் பொருளாதார அறிஞர்கள் மூவர், உதய்ப்பூரின் சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனத்துடன் சேர்ந்து, இந்த நிலையங்களுக்கு வாரந்தோறும் ஆளனுப்பிப் பார்க்க ஏற்பாடு செய்தனர். (பின்னாளில் டீட்டன் 2015-லும் மற்ற இருவரும் 2019-லும் நோபல் பரிசு பெற்றனர்.) அலுவல் நேரத்தில் சென்று பார்த்தபோது, நூற்றுக்கு 56 முறை துணை நிலையத்தின் கதவு பூட்டிக் கிடந்தது. நர்ஸ் ஊருக்குள் வீடு வீடாகச் சென்றிருக்கலாம் அல்லவா? அதையும் தேடிப் பார்த்தனர். பூட்டிக் கிடந்த வேளைகளில் நூற்றுக்கு 12 முறை மட்டுமே அவரை அவருடைய எல்லைக்குள் காண முடிந்தது.

அதைவிடக் கொடிது ஒன்றுண்டு. எந்த நாளில் திறந்திருக்கும், எந்த வேளையில் மூடியிருக்கும் என்பதற்கு ஓர் ஒழுங்கே இல்லை. வாரத்தில் மூன்று நாள்தான் வருவார் என்றாலும், அந்த மூன்று நாள் எவையென்று தெரிந்திருந்தால் மக்கள் அதற்கேற்ப நடந்துகொள்வர். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அரைமணி நேரத்திற்கு மேல் வெயிலில் நடந்துவந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பும் தாய், அடுத்த முறை அந்தத் திசையில் கால் வைப்பாளா? அவள் வேறிடம் சென்றாள். எங்கே? ‘டாக்டர்’ என்று பலகை மாட்டிக்கொண்டவரிடம். அதே மாவட்டத்தில் தம்மை டாக்டர் என்று சொல்லிக்கொண்ட தனியார்களுள் நூற்றுக்கு 41 பேருக்கு மருத்துவப் பட்டமே இல்லை. அவர்களிடம் சென்றால் நூற்றுக்கு 68 முறை ஊசி நிச்சயம். இரத்தம், சிறுநீர் என்று ஏதேனும் ஒரு பரிசோதனை செய்யப்பட்டதோ நூற்றுக்கு மூன்றே முறை. வராத நர்ஸுக்கான விலையை அந்தத் தாயின் முந்தானை முடிச்சு செலுத்தியது.

இதைச் சரிசெய்ய வேண்டுமென்று மாவட்ட நிர்வாகமே முன்வந்தது. 2006-ஆம் ஆண்டில் சில நிலையங்களில் தேதியையும் நேரத்தையும் அச்சிடும் கருவிகளைப் பொருத்தினர். வாரத்தில் ஒரு நாள், திங்கட்கிழமை, நர்ஸ் கட்டாயம் நிலையத்தில் இருக்க வேண்டும். காலை, நண்பகல், பிற்பகல் என மூன்று வேளை ஏட்டில் முத்திரை பதிய வேண்டும். அந்த ஏட்டைப் பார்த்துக் கணக்கெடுக்கும் பொறுப்பு சேவா மந்திருக்கு. தண்டனை விதிக்கும் பொறுப்பு அரசுக்கு. கண்காணிக்கப்பட்ட நாட்களில் பாதிக்கு மேல் வாராதவருக்குச் சம்பளம் பிடிக்கப்படும். மேலும் தொடர்ந்தால் தற்காலிகப் பணிநீக்கம்.

முதல் சில மாதங்களில் பலன் வியக்கும்படி இருந்தது. 30 சதவீதமாக இருந்த வருகை, 2006 ஆகஸ்டுக்குள் 60 சதவீதமாக உயர்ந்தது. கருவி வைக்கப்படாத நிலையங்களில் பழைய நிலையே நீடித்தது. சம்பளம் குறையும் என்றால் மனிதர் வருவர் என்பது தெளிவாயிற்று. நம் வாசகரின் குழுவினர் இத்தோடு படிப்பதை நிறுத்திக்கொண்டால், நாளையே இயந்திரத்திற்கு முன்பணம் கொடுத்துவிடுவார்கள்!

ஆனால் அந்த ஆண்டு நவம்பர் வாக்கில் வருகை சரியத் தொடங்கியது. 2007 ஏப்ரலில் கருவி வைத்த நிலையமும் வைக்காத நிலையமும் ஒரே தரத்தில் நின்றன. கருவி பழுதானதுதான் முழுக் காரணமா? இல்லை. ஏடு காணாமற் போயிற்றா? அதுவும் இல்லை. ஏட்டில் ‘வரவில்லை’ என்ற பதிவு கூடவே இல்லை! கூடியது வேறொரு கலம். ‘விலக்களிக்கப்பட்ட நாள்’ என்று அதற்குப் பெயர்; பள்ளிக்கூட வழக்கில் ‘ஆன் டூட்டி’ என்போம். கூட்டத்திற்குச் சென்றிருந்தேன், பயிற்சிக்குச் சென்றிருந்தேன் என்று நர்சுகள் சொல்ல, உள்ளூர் சுகாதார அதிகாரிகள் அதை அப்படியே ஏற்றுக்கொண்டனர். ஆய்வாளர்கள் அந்தத் தேதிகளைத் துருவிப் பார்த்தபோது, அந்நாட்களில் கூட்டமோ பயிற்சியோ நடந்ததற்கான பதிவே அகப்படவில்லை. கருவி பொய் சொல்லவில்லை. கருவிக்கு மேலே இருந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டனர். பதினெட்டு மாதங்களில் திட்டம் முற்றிலும் செயலிழந்துவிட்டது.

இந்த இடத்தில் அந்த நர்சுகளைச் சபித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவது எளிது. சற்றே பொறுங்கள். அவர்களுக்கு விதிக்கப்பட்ட வேலை எத்தகையது என்பதையும் பார்த்துவிடுவோம். வாரத்தில் ஆறு நாட்கள். காலையில் நிலையத்திற்கு வந்து கையொப்பமிட வேண்டும். பின்னர் மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு குன்று ஏறி இறங்கி, மைல் கணக்கில் நடந்து, வீடு வீடாகச் செல்ல வேண்டும். வெயிலோ நாற்பது பாகையைத் தொடும். கர்ப்பிணிகளை விசாரிக்க வேண்டும். குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்குச் சிலரையாவது இணங்க வைக்க வேண்டும். ஐந்தாறு மணி நேரத்திற்குப் பின் மீண்டும் நிலையத்திற்கு நடந்துவந்து கையொப்பமிட்டு, இரண்டு மணி நேரம் பேருந்தில் பயணம் செய்து வீடு சேர வேண்டும். இதை ஒருநாள் செய்யலாம். ஒருவாரம் செய்யலாம். ஆண்டு முழுவதும், ஆண்டாண்டாக, உடலும் குடும்பமும் உள்ள ஒரு பெண்ணால் செய்ய இயலுமா?

இயலாது என்பது விதியை எழுதியவருக்கும் தெரியும். மேற்பார்வை செய்பவருக்கும் தெரியும். ஆகவே ‘விதி ஏட்டில் இருக்கட்டும், நடப்பது நடக்கட்டும்’ என்ற எழுதாத உடன்பாடு ஒன்று உருவாகிவிடுகிறது. அந்த உடன்பாட்டிற்குள் நுழைந்த பிறகு, எத்தனை நாள் வருவது, எத்தனை மணிக்கு வருவது என்பதையெல்லாம் நர்ஸே தீர்மானித்துக்கொள்கிறார். முடியாத விதியை மீறிப் பழகியவருக்கு, முடிகிற விதியை மீறுவதும் இலேசாகிவிடுகிறது. உதய்ப்பூரில் கருவி தோற்ற இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. விலக்கு அளித்த அதிகாரி முழுக்க முழுக்கக் கெட்டவராக இருந்திருக்க வேண்டியதில்லை; ‘பாவம், அந்தப் பெண்ணால் முடியாது’ என்று இரங்கியவராகவும் இருந்திருக்கலாம். அவர் இரங்கிய இரக்கத்தில் மலைச்சரிவுத் தாய்க்குப் பங்கில்லை என்பதே வேதனை.

இதே மாவட்டத்தில், இதே சேவா மந்திர், 2003-ல் ஆசிரியர்களிடம் செய்த மற்றொரு முயற்சி தோற்கவில்லை. ஓராசிரியர் பள்ளிகள் அவை. ஒவ்வோர் ஆசிரியருக்கும் தேதியும் நேரமும் மாற்ற முடியாத புகைப்படக் கருவி ஒன்று கொடுக்கப்பட்டது. பள்ளி தொடங்கும்போதும் முடியும்போதும் மாணவர் ஒருவர், ஆசிரியரையும் பிள்ளைகளையும் சேர்த்துப் படம் எடுக்க வேண்டும். படங்களை எண்ணிச் சம்பளம். மாதத்தில் 20 நாட்களுக்கு மேல் வரும் ஒவ்வொரு நாளுக்கும் 50 ரூபாய் கூடுதல். குறையும் நாளுக்கு 50 ரூபாய் கழிவு. 42 சதவீதமாக இருந்த ஆசிரியர் வராமை 21 சதவீதமாக, சரிபாதியாகக் குறைந்தது. இரண்டுக்கும் என்ன வேறுபாடு? படத்திற்கும் சம்பளத்திற்கும் இடையில் ‘இந்த நாளை விட்டுவிடுவோம்’ என்று சொல்லும் அதிகாரி எவரும் இல்லை. மேலும், கேட்கப்பட்டது செய்யக்கூடிய வேலை. உள்ளூர்ப் பள்ளியில் உட்கார்ந்து பாடம் நடத்துவது. வராதவருக்குத் தண்டனை மட்டுமன்றி, வந்தவருக்கு வெகுமதியும் இருந்தது. இந்த மூன்றாவதை நம் குழுக்கள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன.

இனி நம் வாசகரின் மருத்துவமனைக்கு வருவோம். அவர் எழுதிய கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். வேளைக்கு மூவர், நாளுக்கு ஒன்பது பணி, வாரத்திற்கு 63 பணி. ஒன்பது நர்சுகள், வாரத்தில் ஒருநாள் ஓய்வு போக ஆறு நாள் வந்தால், அவர்களால் செய்ய முடிந்தது 54 பணி. மீதி ஒன்பது எங்கே? எவரும் ஒருநாள்கூட நிற்காமல் வந்தாலும், வாரத்தில் ஒன்பது முறை யாரோ ஒருவர் ‘டபுள் டூட்டி’ பார்த்தே தீர வேண்டும்! அல்லது எவருக்கேனும் ஓய்வு நாள் பறிபோக வேண்டும். அவர்களுக்குக் காய்ச்சலே வரக்கூடாது, பிள்ளைக்கும் வரக்கூடாது. சகோதரர் அவர்களே, தங்கள் சுவரில் தொங்கும் டூட்டி சார்ட்டும் உதய்ப்பூர் விதியும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. நிறைவேற்ற முடியாததை எழுதி மாட்டிவிட்டு, நிறைவேறவில்லையே என்று வருந்துகின்றோம்.

63 பணிக்குப் பதினொரு பேர் வேண்டும். விடுப்பு எடுப்பதற்கு இடம் வேண்டுமாயின் பன்னிரண்டு பேர். அதற்கு நிதியில்லை என்றால், மருத்துவரைக் கேட்டு, மாலையும் இரவும் இருவர் போதுமா என்று பாருங்கள். காலை மூவர், மற்ற வேளைகளில் இருவர் என்றால் வாரத்திற்கு 49 பணி. ஐந்து பணி கையிருப்பில் இருக்கும். இருவரால் நோயாளிகளைக் கவனிக்க முடியாது என்று மருத்துவர் சொன்னால், படுக்கையைக் குறைக்க வேண்டும்; வேறு வழியில்லை. குழுவில் இதைச் சொல்கிறவருக்கு நல்ல பெயர் கிடைக்காது என்பதையும் அறிவேன்.

பொருள் வசதி மிக்க நாடுகளிலும் இந்தப் பாடு உண்டு. இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையில் ஊழியர் நலம் பற்றி 2009-ல் வெளியான பூர்மன் அறிக்கை, நோய் காரணமாக ஆண்டுக்கு 1 கோடியே 3 இலட்சம் வேலைநாட்கள் இழக்கப்படுவதாகக் கணக்கிட்டது. அவற்றுள் ஏறத்தாழப் பாதிக்குத் தசை, எலும்பு, முதுகு நோவுகளும், கால்பங்குக்கு மேல் மன அழுத்தமும் சோர்வும் காரணம் என்றது. நோயாளியைத் தூக்கிப் புரட்டுகிற முதுகுக்குத்தான் நோவு வருகிறது. அந்த நாட்டு அலுவலகங்களில் ‘பிராட்ஃபோர்டு கணக்கு’ என்று ஒன்று வைத்திருக்கின்றனர். எத்தனை தடவை நின்றார் என்ற எண்ணை அதே எண்ணால் பெருக்கி, மொத்த நாட்களாலும் பெருக்குவது. ஒரே தடவையாகப் பத்து நாள் படுத்தவருக்கு 10 புள்ளி. பத்துத் தடவை ஒவ்வொரு நாளாக நின்றவருக்கு 1,000 புள்ளி. திடீர் திடீரென நிற்பதே பணியைக் குலைக்கிறது என்பதைக் காட்டும் சாமர்த்தியமான கணக்குத்தான். ஆனால் மாதந்தோறும் தலைவலியில் துடிப்பவளும், அடிக்கடி இழுப்பு வரும் குழந்தையைப் பெற்றவளும் இந்தக் கணக்கில் முதல் குற்றவாளி ஆகிவிடுவர். எண்ணைப் பார்த்து அழைத்துப் பேசலாம். எண்ணைப் பார்த்துத் தண்டிக்கலாகாது.

குழந்தை என்றதும் இல்லத்தாரிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. இன்று நம் வீடுகளிலிருந்து நர்சிங் படித்து வேலைக்குச் செல்லும் பெண்மக்கள் பலர். பேரனுக்குக் காய்ச்சல் என்றால் கடையிலிருக்கும் மகனை எவரும் வரச் சொல்வதில்லை. மாமனாருக்குக் கண் பரிசோதனை, நாத்தனாரைப் பெண் பார்க்க வருகிறார்கள், உறவில் ஒரு நிக்காஹ், எல்லாவற்றிற்கும் “நீ இன்றைக்கு லீவு போடம்மா” என்று மருமகளிடம்தான் சொல்கின்றோம். அவள் தயங்கினால், “நீ ஒருத்தி போகாவிட்டால் ஆஸ்பத்திரி மூடிவிடுமா?” என்கிறோம். மூடுவதில்லைதான். அங்கே வேறொரு வீட்டு மருமகள் பதினாறு மணி நேரம் நிற்கிறாள். நோயாளியின் உயிர் அவள் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். பதினான்காவது மணி நேரத்தில் அவள் எடுக்கும் மருந்துக் குப்பியின் மேலுள்ள எழுத்தை அவள் கண் சரியாகப் படிக்குமா?

2017-ஆம் ஆண்டின் மகப்பேற்று நலத் திருத்தச் சட்டம், ஐம்பது பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டுமென்றது. ஒன்பது நர்சுகள் உள்ள இடத்தை அச்சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆயினும் ஓர் அறை, ஒரு பாய், நம்பிக்கையான ஒரு மூதாட்டி. இவற்றுக்கு ஆகும் செலவை இயந்திரத்தின் விலையோடு வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

வேறு சில சிறு செய்திகள். டூட்டி சார்ட்டை வாரக் கடைசியில் அவசரமாக எழுதாமல், மாதம் பிறக்கும் முன்பே ஒட்டிவிட்டால், திருமணமும் தேர்வும் உள்ளவர்கள் தங்களுக்குள் நாளை மாற்றிக்கொள்வார்கள். சொல்லாமல் நிற்பவர்களுள் பலர், கேட்டால் கிடைக்காது என்று அறிந்தே கேளாமல் நிற்கின்றனர். பெருநாளன்று நம் பிள்ளைகள் வீட்டில் இருக்க, மாற்றுச் சமயச் சகோதரிகள் பணியை ஏற்பதும், தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் நம் பிள்ளைகள் அந்தக் கடனைத் தீர்ப்பதும் முன்கூட்டியே எழுத்தில் இருக்கட்டும். ரமளானில் ஸஹர் நேரத்துக்கு இரவுப் பணியில் இருப்பவர்களுக்கு உணவு மருத்துவமனையிலேயே கிடைக்க வழி செய்யுங்கள். இரவுப் பணி எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, அந்நேரத்தில் அந்தப் பெண் வரும் வழியில் பேருந்து உண்டா, தெருவிளக்கு எரிகிறதா என்பதையும் குழுவினர் எவரேனும் ஒருநாள் நடந்து பார்த்துவிட்டு வந்தால் நன்று.

இத்தனைக்கும் பிறகு இயந்திரம் வாங்குங்கள். வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஒழுங்காக வருகிறவர்களுக்கு அது ஒரு சாட்சி. வாங்கினால், மாதக் கூட்டத்தில் ‘வரவில்லை’ என்ற கலத்தைப் படிக்கும் முன்பு, ‘அனுமதியுடன் வெளிப்பணி’ என்ற கலத்தைப் படியுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேராக, அனுமதித்தவர் பெயரும் காரணமும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அனுமதித்தவர் குழுத் தலைவரின் உறவினராக இருந்தாலும் சரியே. ஒருநாளும் நிற்காத நர்ஸுக்கு ஆண்டிறுதியில் என்ன கொடுக்கப் போகிறீர்கள் என்பதையும் அதே கூட்டத்தில் முடிவு செய்துவிடுங்கள். அந்த 63-க்கும் 54-க்கும் இடையிலுள்ள ஒன்பதை எப்படி நிரப்பினீர்கள் என்பதை எமக்கு எழுதுங்கள். இதே நிலையில் உள்ள வேறு குழுக்களுக்கும் பயன்படும் என்பதால் இப்பக்கத்தில் வெளியிடுவோம்.